காளிதாஸ், எம்.பி.ஏ.

மைசூரின் மேட்டகள்ளி தொழிற்பேட்டையில் காளிதாஸ் ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருந்தார். ஊதுபத்திக் கம்பெனிகள் அளவும் படமும் கொடுத்தால் அச்சடித்து, வெட்டி, மடித்து அனுப்பிவிடுவார். பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அவருக்கு வயது நாற்பத்தாறு. பிறந்தது தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூருக்கு அந்தப் பக்கம் கௌதள்ளியில். எம்.பி.ஏ. படிக்க மைசூருக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார்.

அப்படித் தங்கிவிட்டதால்தான் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. அவர் சேர்ந்தபோது அது நகரத்தின் ஓரத்தில் இரண்டு மாடிக் கட்டடமும் ஒரு கேன்டீனும் மட்டுமே இருந்த மேலாண்மைக் கல்லூரி. இப்போது ஏழு பிளாக்குகளும் கண்ணாடி போட்ட நூலகமும் சொந்தப் பேருந்துகளும் உள்ள வணிகப் பல்கலைக்கழகம். அவருடைய 2003 பேட்சில் ஐம்பத்தெட்டுப் பேர். பெங்களூர், சென்னை, துபாய், டொரண்டோ என்று எல்லோரும் போய்விட்டார்கள். மைசூரில் மிஞ்சியவர் காளிதாஸ் ஒருவர்தான். அதனால் ஒவ்வொரு டிசம்பரும் நடக்கும் முன்னாள் மாணவர் கூடுகையின் வேலையெல்லாம் அவர் தலையில் விழுந்தது. யாருக்கு எந்த ஓட்டலில் அறை, யார் பூண்டு சாப்பிட மாட்டார்கள், சாமுண்டி மலைக்கு வேன் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவர் கைப்பேசியில் இருக்கும். மாதம் ஒரு முறை மின்னஞ்சலில் வரும் 'வளாகச் செய்திகள்' இதழில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது அவர் பெயர் வந்துவிடும்.

கூடுகை நாளில் நண்பர்கள் வட்டமாக நின்று பேசுவார்கள். எந்த விமான நிலையத்தில் எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், எந்த ஊர் மேலாளர் எப்படிப்பட்டவன் என்று பேச்சு போகும். காளிதாஸ் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது கைப்பேசியை நீட்டி ஒரு போட்டோ எடுக்கச் சொல்வார்கள், எடுத்துக் கொடுப்பார். மாலை ஐந்து மணிக்குக் கார்கள் கிளம்பிவிடும். அதன் பிறகு மேசை மேசையாகப் போய், எல்லோரும் கழற்றிப் போட்ட பெயர் அட்டைகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொள்வார். அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று அலுவலகத்தில் சொல்வார். உண்மையில், உடனே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் அதைச் செய்தார்.

இன்னொரு வேலையும் அவர் செய்து கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்கோ விசாவுக்கோ யாருக்காவது பட்டச் சான்றிதழின் நகல் வேண்டுமென்றால் காளிதாஸுக்குத்தான் போன் வரும். தேர்வுப் பிரிவில் வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, கூரியர் போட்டுவிடுவார். இப்படி இருபது பேருடைய சான்றிதழாவது அவர் கையால் போயிருக்கும்.

அவரிடம் மட்டும் சான்றிதழ் இல்லை.

கடைசிப் பருவத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று ஒரு தாள். எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்குச் சரக்கு அனுப்பினால் செலவு குறையும், வரிசையில் நிற்பவன் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பான் என்பதையெல்லாம் கணக்காகப் போடும் பாடம். அதில் நாற்பது எடுத்தால் தேர்ச்சி. காளிதாஸ் முதல் தடவை முப்பத்தொன்று எடுத்தார், இரண்டாவது தடவை முப்பத்துநான்கு. மூன்றாவது தடவை ஹால் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் கல்லூரிக்குப் போகவில்லை. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை உட்கார்ந்துவிட்டு அறைக்குத் திரும்பினார். உடனிருந்தவர்கள் எப்படி எழுதினாய் என்று கேட்டபோது நன்றாகத்தான் எழுதினேன் என்றார். பிறகு ஆளாளுக்கு ஓர் ஊருக்குப் போய்விட்டார்கள். யாரும் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் அதே பக்கம் ராமாபுரத்தில், ஆறுமுகசாமி என்ற விவசாயியின் இளைய மகள் சுலோசனா. பையன் படிப்பை முடித்துவிட்டானா என்று ஆறுமுகசாமி கேட்டார். எம்பிஏ முடிச்சுட்டானுங்க என்று காளிதாஸின் மாமா சொன்னார். காளிதாஸ் குனிந்து தட்டில் இருந்த காராசேவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துச் சொல்ல அங்கே கிடைத்தது ஒரு நொடிதான், அது போய்விட்டது. கல்யாணப் பத்திரிகையில் 'காளிதாஸ், எம்.பி.ஏ.' என்று தடித்த எழுத்தில் அச்சாகி வந்தது. ஆறுமுகசாமி அதன் பிறகு கொள்ளேகால் சந்தையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் 'எம்பிஏ மாப்பிள்ளை' என்றுதான் அவரைப் பற்றிச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் இறக்கும் வரைக்கும் சொன்னார்.

சுலோசனா நல்ல மாதிரி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேராகப் பேசுவாள். அவர்களுடைய ஒரே மகள் தமிழ்ப்ரியா பெங்களூரில் பி.காம். படித்தாள். அவள் ஒரு தாளில் தவறி அரியர் வைத்துவிட்டாள் என்று தெரிந்த அன்று, உங்கப்பா ஒரே மூச்சில் எம்பிஏ முடித்தவர், உனக்கு என்ன கேடு என்று சுலோசனா போனில் திட்டினாள். காளிதாஸ் எழுந்து, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா பார்த்து வருகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டார். மோட்டார் போடவேயில்லை என்பது அங்கே போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

2025 பல்கலைக்கழகத்துக்கு வெள்ளிவிழா வருடம். ஜூன் மாதம் முன்னாள் மாணவர் அலுவலகத்திலிருந்து மனிஷா போன் செய்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். 'வளாகச் செய்திக'ளைத் தயாரிப்பவளும் அவள்தான். வெள்ளிவிழாவுக்காக இந்த முறை ஐந்து பேருக்கு விருது கொடுக்கப் போவதாகவும், சேவைக்கான விருதுக்கு எல்லோரும் ஒருமனதாகக் காளிதாஸின் பெயரைச் சொன்னதாகவும் சொன்னாள். காளிதாஸ் நன்றி சொன்னார். ஒரு போட்டோ, ஒரு சின்னக் குறிப்பு, பட்டச் சான்றிதழின் நகல், இந்த மூன்றையும் அனுப்பினால் போதும் என்றாள்.

போட்டோவும் குறிப்பும் அன்றே போய்விட்டன. சான்றிதழ் வங்கி லாக்கரில் இருக்கிறது என்றார். பத்து நாள் கழித்து அவள் திரும்பக் கேட்டபோது லாக்கர் சாவி மகளிடம் பெங்களூரில் இருக்கிறது என்றார். அவசரமில்லை சார் என்று மனிஷா சொன்ன விதத்தில் சந்தேகம் எதுவுமில்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

ஒரு நாள் மதியம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பட்டறைக் கணினியைத் திறந்தார். டொரண்டோவில் இருக்கும் முரளிதரனுக்காக முன்பு ஸ்கேன் செய்த பட்டச் சான்றிதழ் அதில் இருந்தது. முரளிதரன் அவருடைய அறைத்தோழன். அதே பேட்ச், அதே வருடம், அதே கையெழுத்துகள். பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் மாற்றினால் போதும். எதிரே நின்ற இயந்திரம் தங்க நிற ஊதுபத்திப் பெட்டி அடிப்பது. அதைவிட இது சுலபம். காளிதாஸ் முரளிதரனின் பெயர் இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்துகள் புள்ளி புள்ளியாகப் பிரிந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டு அந்தக் கோப்பை அழித்தார். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பல்கலைக்கழகத்துக்குப் போனார். மனிஷாவின் அறையில் அவள் மட்டும் இருந்தாள். காபி சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக ஒரு மனிதரிடம் சொல்கிறார். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மனிஷா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"யாருக்குமே தெரியாதா சார்? வீட்ல?"

"தெரியாதும்மா."

"ஃப்ரெண்ட்ஸ் யாருக்காவது?"

இல்லை என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார். விருதுக்குப் பட்டம் கட்டாயம், அதை மாற்ற முடியாது என்று அவள் சொன்னாள். தொழில் காரணமாக அவரே விலகிக்கொண்டதாகக் குழுவிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். படித்தவர்கள் எல்லோருமே முன்னாள் மாணவர்கள்தான், கூடுகைக்கு வருவதில் ஒரு தடையும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். பிறகு கணினியை அவர் பக்கம் திருப்பி, மே மாத இதழின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினாள். வெள்ளிவிழாவை ஒட்டி, பழைய பேட்சுகளில் தாள் பாக்கி உள்ளவர்களுக்கு ஒரே ஒரு முறை சிறப்புத் தேர்வு. மாணவர்கள் அதை கோல்டன் சான்ஸ் என்றார்கள்.

காளிதாஸ் அந்த அறிவிப்பை ஏற்கெனவே படித்திருந்தார். வந்த அன்றே நான்கு தடவை படித்திருந்தார்.

"எழுதுங்க சார்," என்றாள் மனிஷா. "விருதுக்காக இல்ல. அது இந்த வருஷம் போச்சு. சும்மா, உங்களுக்காக."

ஆகஸ்டில் பணம் கட்டினார். சயாஜிராவ் ரோட்டில் புத்தகம் வாங்கும்போது கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்று சொல்லிவிட்டார். தினமும் காலை ஆறரைக்கே பட்டறைக்குக் கிளம்பினார். சரக்கு லாரி சீக்கிரம் வருகிறது என்று வீட்டில் சொல்லியிருந்தார். சுலோசனா ஒன்றும் கேட்காமல் ஐந்தரைக்கு எழுந்து ராகி ரொட்டியோ உப்புமாவோ செய்து டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். மடிக்காத அட்டைகளின் அடுக்குக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஆட்கள் வரும் ஒன்பது மணிவரை கணக்குப் போடுவார். மூன்று தொழிற்சாலைகள், நான்கு கிடங்குகள், எங்கிருந்து எங்கே அனுப்புவது. இருபது வருடமாக நஞ்சன்கூடுக்கும் குண்டலுபேட்டைக்கும் மாண்டியாவுக்கும் வண்டி அனுப்பி அனுப்பி, மனக்கணக்காகவே அவருக்கு இது தெரியும். தாளில் எழுதினால் மட்டும் வேறு விடை வந்தது. டப்பாவைத் திறக்கும்போது ரொட்டி சூடாகவே இருக்கும். இவ்வளவு காலையில் எழுந்து செய்ததை ஒரு பொய்க்காகத் தின்கிறோமே என்று சில நாள் பாதியிலேயே டப்பாவை மூடிவிடுவார்.

தேர்வு நவம்பரில் ஒரு சனிக்கிழமை. ஹாலுக்குள் அவர் நுழைந்ததும் முன் வரிசையில் நான்கைந்து பையன்கள் எழுந்து நின்றார்கள். கண்காணிப்பாளராக இருந்த இளம் விரிவுரையாளர் அருகில் வந்து, சார் பறக்கும் படையிலிருந்து வருகிறீர்களா என்று தணிந்த குரலில் கேட்டார். காளிதாஸ் ஹால் டிக்கெட்டைக் காட்டினார். விரிவுரையாளருக்குத்தான் முகம் சிவந்தது. மூன்றாவது வரிசையைக் கைகாட்டினார்.

அந்த வரிசையில் இன்னொருவரும் இருந்தார். ஐம்பது வயதை நெருங்கும் பெண், காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பெயர் மாதேவி. ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறாராம். பேசிய தமிழில் கன்னடம் கலந்திருந்தது.

"நீங்களும் எக்ஸாமுக்கா சார்? அப்பாடா. நான் ஒருத்திதான் வயசானவளோன்னு பயந்துபோயிருந்தேன் நோடி."

மூன்று மணி நேரமும் போதவில்லை. வரிசைக் கணக்கில் பாதியில் மணி அடித்தது. வெளியே வந்தபோது மரத்தடியில் மாதேவியின் குடும்பமே நின்றுகொண்டிருந்தது. கணவர், இரண்டு மகன்கள், ஒரு மருமகள். காலை ஒன்பது மணிக்கே அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அங்கேயே காத்திருந்தார்களாம். மருமகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பெரிய மகன் கேள்வித்தாளைப் பிடுங்கி, அம்மா இது போட்டியா, அது போட்டியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கணவர் டிபன் கேரியரைத் திறந்து, காளிதாஸ் மறுக்க மறுக்க, மூடியில் புளியோதரை வைத்துக் கொடுத்தார். உங்க வீட்ல யாரும் வரலையா என்று கேட்டார். எல்லோருக்கும் வேலை என்றார் காளிதாஸ். ரிசல்ட் வந்தால் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மாதேவி அவர் எண்ணை வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் கூடுகை வழக்கம்போல நடந்தது. ஏற்பாடெல்லாம் காளிதாஸ்தான். சேவை விருது பெங்களூரில் ஒரு கம்பெனியின் துணைத்தலைவராக இருக்கும் ஒருவருக்குப் போயிற்று. முரளிதரன் அந்த வருடம் டொரண்டோவிலிருந்து வந்திருந்தான். கைதட்டல் நடுவே, உனக்குத்தான் என்று நினைத்தேன், இத்தனை வருடம் நாய்போல உழைத்திருக்கிறாயே என்று காதருகே சொன்னான். தானே வேண்டாம் என்றதாகக் காளிதாஸ் சொன்னார். அது ஒரு வகையில் உண்மைதான். முரளிதரன் அவர் தோளைத் தட்டிவிட்டு வேறொருவரைப் பார்க்கப் போனான். அறைத்தோழனாக இருந்த ஒருவனிடம்கூட இதைச் சொல்ல முடியவில்லையே என்று காளிதாஸ் நினைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று கேட்டரிங் ஆளிடம் சரிபார்த்தார்.

ஜனவரி எட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு ரிசல்ட் வந்தது. பட்டறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் பதிவு எண்ணைப் போட்டார். நாற்பத்துநான்கு. தேர்ச்சி.

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். திரும்ப எடுத்துப் பார்த்தார். அதே நாற்பத்துநான்கு. கண் நிறைந்துவிட்டது. மூலையில் அட்டை அடுக்குக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆள் அனுப்பி எல்லோருக்கும் மைசூர் பாக் வாங்கிவரச் சொன்னார். அச்சு இயந்திரம் பார்க்கும் லிங்கம்மா என்ன விசேஷம் என்று கன்னடத்தில் கேட்டாள். புது ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது என்றார். எந்தக் கம்பெனி என்று அவள் கேட்டாள். அதற்கும் ஒரு பெயர் சொல்ல வேண்டியிருந்தது.

மாலையில் மாதேவி கூப்பிட்டார். அவருக்கு ஐம்பத்தொன்று. பின்னால் ஒரே சத்தமாக இருந்தது. பாத்திரம் உருளும் ஒலி, யாரோ சிரிப்பது, யாரோ அம்மாவிடம் போனைக் கேட்பது. காளிதாஸ் நாற்பத்துநான்கு என்று சொன்னதும் மாதேவி அதை அப்படியே வீட்டாரிடம் அறிவித்தார். அந்தப் பக்கம் நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

"வீட்ல என்ன சொன்னாங்க சார்?"

"சந்தோசப்பட்டாங்கம்மா," என்றார் காளிதாஸ்.

போனை வைத்த பிறகு பட்டறையை மூடாமல் உட்கார்ந்திருந்தார். தோற்றதை மறைத்துத் திரிவதாவது பழகிப்போயிருந்தது. ஜெயித்ததையும் மறைத்து வைப்பது அவரால் முடியவில்லை. சுலோசனாவிடம் சொல்லிவிடுவது என்று அங்கேதான் முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுலோசனா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கித் தோல் நீக்கிக்கொண்டிருந்தாள். அது அவரைக்காய் வரும் மாதம். காளிதாஸ் எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், முதலில் மதிப்பெண் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். புரியவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. அவர் சொன்னார். இந்தத் தடவை மனிஷாவிடம் சொன்னதைப் போலச் சுலபமாக இல்லை. ஆறுமுகசாமி கேட்டதும் மாமா சொன்னதும் தான் குனிந்துகொண்டதும் வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

சுலோசனா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு கொட்டையை எடுத்துப் பிதுக்கினாள்.

"லோடு வருதுன்னு வெள்ளென வெள்ளென போனீங்களே, அது இதுக்குத்தானுங்களா?"

"ஆமா சுலோ."

"எங்கப்பன் சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுது. ஒரு நாளாச்சும் அதுகிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

தோன்றியது, தைரியம் இல்லை என்றார். கிண்ணத்தில் பாதிவரை பருப்பு சேர்ந்த பிறகுதான் மறுபடி வாயைத் திறந்தாள்.

"நீங்க படிச்சீங்களா படிக்கலியாங்கறது எனக்கு ஒண்ணுமில்லீங்க. பத்தாவது படிச்சிருந்தாலும் கட்டிக்கிட்டிருப்பேன். ஆனா இத்தன வருசம் பக்கத்துலயே இருந்து இத ஒளிச்சு வெச்சிருந்தீங்களே. இன்னும் என்னென்ன இருக்குதுன்னு இனி நான் நினைக்காம இருக்க முடியுங்களா?"

வேறெதுவும் இல்லை என்று காளிதாஸ் சொன்னார். சொல்லும்போதே, இதை அவள் எதை வைத்து நம்புவாள் என்று அவருக்கே தோன்றியது.

அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. சமையல், துணி, மாலைக் காபி எல்லாம் நேரத்துக்கு நடந்தன. காலை டப்பா மட்டும் நின்றது. இனி சீக்கிரம் போக வேண்டியதில்லையே. முன்பு சாப்பிடும்போது பக்கத்து வீட்டு விஷயம் ஏதாவது சொல்வாள். இப்போது டிவி சத்தம் மட்டும் கேட்டது. அவர் பேச்சுக் கொடுத்தால் பதில் வரும், அதோடு முடிந்துவிடும்.

பிப்ரவரி கடைசி வாரம் பட்டமளிப்பு விழா. சிறப்புத் தேர்வில் தேறிய பதினேழு பேரும் மேடையேறலாம் என்று கடிதம் வந்தது. கூடவே விருந்தினர் அனுமதிச் சீட்டு இரண்டு. மனிஷா போன் செய்து, நாற்பத்தாறு வயதில் பட்டம் என்று 'வளாகச் செய்திக'ளில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டுமா, நிறையப் பேருக்கு ஊக்கமாக இருக்கும் என்று கேட்டாள். வேண்டாம்மா என்றார் காளிதாஸ். அவள் வற்புறுத்தவில்லை. மாதேவி மேடத்தைப் பற்றி எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

சீட்டுகளை அவர் சாப்பாட்டு மேசைமேல், சுலோசனாவின் கண்ணில் படும்படி வைத்தார். மூன்று நாள் அவை அங்கேயே கிடந்தன. மேசையைத் துடைக்கும்போது அவள் எடுத்து ஓரமாக வைப்பாள், துடைத்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிடுவாள். விழாவன்று காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் இருந்தது. அவள் வருவாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

"எனக்கு வரத் தோணலீங்க," என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."

திறந்தவெளி அரங்கில் ஆயிரம் நாற்காலிகள். காளிதாஸ் அங்கி போட்டுக்கொண்டு மாதேவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். ஒருவர் தொப்பியை ஒருவர் சரிசெய்து விட்டுக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் பகுதியை அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒதுக்கிய இரண்டு நாற்காலிகளும் எவை என்றுகூட அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. பழைய பேட்சுகள் கடைசியில் வந்தன. 'காளிதாஸ், 2003' என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் படியேறினார். மேடையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். வருடா வருடம் அவர்களுக்குச் சால்வை வாங்கிவைத்தவரே அவர்தான். துணைவேந்தர் கை கொடுக்கும்போது ஒரு கணம் குழம்பி, நீங்கள் ஏற்கெனவே எங்கள் மாணவர் அல்லவா என்று கேட்டார். ஆமாம் சார் என்றார் காளிதாஸ். கீழே ஓர் இடத்திலிருந்து மட்டும் கைதட்டல் பலமாக வந்தது. அது மாதேவியின் குடும்பம்.

விழா முடிந்ததும் மாதேவியின் சின்ன மகன் நூலகத்தின் முன்னால் அவரைத் தனியாக நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தான். அங்கி, கையில் சான்றிதழ், பின்னால் விழாப் பேனர் கட்டிய கண்ணாடிச் சுவர். இத்தனை வருடக் கூடுகைகளில் அவரை மட்டும் தனியாக யாரும் போட்டோ எடுத்ததில்லை. எங்களோடு சாப்பிட வாருங்கள் என்று அவர்கள் கூப்பிட்டார்கள். வீட்டில் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டார். அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டி நிறுத்தத்துக்கு வந்து, காருக்குள் உட்கார்ந்து, போட்டோவைச் சுலோசனாவுக்கு அனுப்பினார். என்ன எழுதுவது என்று யோசித்து எதுவும் எழுதவில்லை. ஒரு நிமிடத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. கால் மணி நேரம் காத்திருந்தார். பதில் வரவில்லை. வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் சாப்பாடு எடுத்து வைத்திருந்தது. அவர் சான்றிதழ் உறையை மேசைமேல் வைத்தார். சுலோசனா அதைப் பிரித்து, நின்றபடியே முழுவதும் படித்தாள். ஆங்கில எழுத்துகளை அவள் மெதுவாகத்தான் படிப்பாள். படித்துவிட்டு உறைக்குள் போட்டாள்.

"அந்தப் போட்டோவ வேற யாருக்காச்சும் அனுப்புனீங்களா?"

"இல்ல. உனக்கு மட்டுந்தான்."

"தமிழ்ப்ரியாவுக்கு?"

"இல்ல."

"அனுப்ப வேண்டாமுங்க," என்றாள். "அதுல தேதி போட்ட பேனரு பின்னால தெரியுது. அவ ஸ்டேட்டஸ்ல வெச்சு அக்கா பையன் பாத்தான்னா கேப்பான். ஊருல தெரிஞ்சா எங்கப்பன் பேருதான் சிரிப்பாப் போயிரும்."

உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தமும் பூட்டும் சத்தமும் கேட்டன. அது இனி வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டப்படாது என்று காளிதாஸுக்குப் புரிந்தது. தான் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது அவளிடம் போய் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தார்.

அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கைப்பேசி அடித்தது. கொள்ளேகாலிலிருந்து அவள் அக்கா நஞ்சம்மா. சித்திரையில் ஒரு வளைகாப்பு இருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சு. நடுவில் நஞ்சம்மா மாப்பிள்ளை எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

"இப்பத்தானக்கா வந்தாரு," என்றாள் சுலோசனா. "காலேஜ்ல பட்டமளிப்பு விழா. பழைய மாணவருங்க சார்பா இவரத்தான் கூப்புடுவாங்க. இவரு இல்லாம அங்க ஒண்ணும் ஓடாதே."

குரலில் ஒரு தடுக்கல்கூட இல்லை. நஞ்சம்மா ஏதோ சொல்ல, அவள் சிரிக்கவும் செய்தாள். காளிதாஸ் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. அவர் பக்கம் திரும்பாமல் ரசப் பாத்திரத்தை எடுத்து அவருக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, சுலோசனா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.